நடுத்தகடு

இதயமாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.
எருமை வயிற்றைக் கிழித்து
இரண்டு கிலோ பாலிதீனும் ஒரு திண்டுக்கல் பூட்டும் எடுத்தவள் நான்.
உள்ளே கைவிடுவது எவ்வளவு ஈரமான வேலை என்று தெரியும்.
இது வேறு.
இது வறண்ட கணக்கு.

ஜீப்புக்கு முப்பத்தாறு வயது.
கல்லல் தாண்டி ஆலம்பட்டுக் கண்மாய்க்குள்
கோமாரித் தடுப்பூசிப் பெட்டியோடு இறங்கினேன்.
கரையேறும்போது பீஜோ எஞ்சின்
தன் எலும்பு ஒன்றை உடைத்து வெளியே எறிந்தது.
பிளாக்கில் கை நுழையும் ஓட்டை.
டிராக்டர் வர ஐந்து மணி ஆயிற்று.
அதற்குள் ஐஸ் எல்லாம் தண்ணீர்,
முந்நூறு டோஸும் தண்ணீர்.

காரைக்குடி செக்காலைப் பக்கம் சேவுகன் பட்டறை.
தேவகோட்டையில் கல்யாண வண்டியாக ஓடி
புளியமரம் ஒன்றில் ஓட்டத்தை முடித்துக்கொண்ட அம்பாசடரின்
இசுசு டீசல் எஞ்சின்
சாக்கின்மேல் படுத்திருந்தது.
"ஊர்வலம் மட்டும் போனது டாக்டரம்மா,
ரெண்டாம் கியரையே பார்த்ததில்ல."
விற்கிறவன் வாயில் எல்லா எஞ்சினும் நேற்றுப் பிறந்ததுதான்.
முப்பத்தெட்டில் தொடங்கி முப்பத்திரண்டில் நின்றோம்.

இசுசுவின் முதுகுக்கும்
ஜீப்பின் கியர்பெட்டி முகத்துக்கும்
ஒரு துளைகூட ஒத்துவரவில்லை.
லேத் ஜெபராணியைக் கூப்பிட்டார்கள்.
அவள் அட்டையை வைத்து அழுத்தி
க்ரீஸ் விரலால் தேய்த்து
இரண்டின் துளைகளையும் ஒரே அட்டையில் எடுத்தாள்.
"ஜாதகப் பொருத்தம்" என்றான் சேவுகன்.
"ஜாதகத்த எவன் டயல் கேஜ் வச்சு அளந்தான்?" என்றாள் அவள்,
தலையை நிமிர்த்தாமல்.

தகட்டுக்கு இரும்பு,
பழம்பொருள் கடையில் விலைபோகாத
பணப்பெட்டிக் கதவு ஒன்று.
எடைக்கு வாங்கினோம்.
சாவித்துளை வட்டத்துக்கு வெளியே விழும்படி
சாக்பீஸால் கோடு போட்டாள்.
எந்தச் செட்டியின் கணக்கை எத்தனை காலம் காத்ததோ,
இனி அது
ஒரு ஜப்பான்காரனுக்கும் ஜீப்புக்கும் நடுவே நின்று
இருவரையும் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
ஒரு நூல் பிசகினால் கிளட்சு தேய்ந்தே சாகும்.
அரை நூலுக்காக இரண்டு நாள் காத்திருந்தேன்,
என் மோட்டார் சைக்கிளில் ஆட்டுக்குட்டி பார்க்கப் போய் வந்து.

தகட்டின் கனம் எஞ்சினை முன்னால் தள்ள
விசிறி ரேடியேட்டரைச் சுரண்ட
ரேடியேட்டரை நகர்த்தினால் ஹாரனுக்கு இடமில்லை,
அடியில் சம்ப் முன்னச்சில் இடிக்க
அதை வெட்டி, ஒட்டி, ஒழுகி, மறுபடி ஒட்டி.
ஒரு பொய் சொன்னவன் வரிசையாகச் சொல்வானே,
அப்படிப் போனது பட்டறையில் பதினேழு நாள்.

சாவியைத் திருப்பினேன்.
பீஜோ கல் உடைக்கும்.
இது மாவு அரைத்தது.
ஜெபராணி கியர்பெட்டிமேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி
பிடியில் காதை வைத்துக் கேட்டாள்.
என் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினேன்.
வேண்டாம் என்று கைகாட்டினாள்.

அடுத்த நாள் ஆலம்பட்டு.
பழைய எஞ்சினை அரை மைலில் கேட்டுக்
கருவைக்குள் ஓடி ஒளியும் நாய்கள்
நட்டநடுத் தெருவில் படுத்திருந்தன.
வண்டி பக்கத்தில் வந்து நின்றும்
வாலைக்கூட மடக்கவில்லை.
யாரோ கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கும்.
வெறிநோய் ஊசி நாற்பத்தொன்று
ஒரே காலையில்.
கடி ஒன்றுமில்லை.
கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது எனக்கு,
மாறுவேடத்தில் வந்த மாதிரி.

ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் மாற்ற
மனுக் கொடுத்து மூன்று வாரம்.
ஆய்வாளர் எண்ணைக் காட்டச் சொன்னார்.
பெயிண்டைச் சுரண்டிக் காட்டினேன்.
"பார்க்கலாம்" என்று பார்க்காமல் போனார்.

நேற்று கண்மாய் வளைவில் கியரை இறக்கினேன்.
கரையில் ஒரு செவலை
காதை மட்டும் தூக்கியது.
கொஞ்சம் யோசித்தது.
எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி,
அவசரமே இல்லாமல்
கருவைக்குள் போனது.

எஞ்சின் மாறியது அதற்குப் பதிவாகிவிட்டது.
அலுவலகத்தில்தான் இன்னும்
பழைய எண்.